பெயர் இல்லாத சட்டை

ஷட்டரில் சாக்பீஸால் ‘இன்று விடுமுறை’ என்று எழுதும்போதே
பரவாக்கோட்டை தங்கையன் மேஸ்திரி வந்து நின்றார்.
அரை இஞ்ச் எல்போ, நாலே நாலுதான், என்றார்.
திறந்தேன்.
எழுதியதன் கீழேயே நின்று
சில்லறை எண்ணிக் கொடுத்தேன்.
ஏழரை பஸ் போய்விட்டது.

சௌந்தரி கேட்டது ஒன்றே ஒன்று:
பாக்கெட்டில் யார் பெயரும் இல்லாத ஒரு சட்டை,
எனக்கு.
பதினெட்டு வருஷமாய் நான் போடுவது
பெயிண்ட் கம்பெனி தீபாவளிக்குக் கொடுப்பது,
பைப் கம்பெனி பொங்கலுக்குக் கொடுப்பது.
மச்சினன் மகள் நிச்சயதார்த்த போட்டோவில்
என் நெஞ்சில் ஒரு மயில் நிற்கிறது.
அதன் கீழே ‘மழைக்கும் அஞ்சாது.’

மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் போவதற்குள்
வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு.
புதுத்தண்ணி நுரையோடு வந்திருந்தது.
பாலத்துக்குப் பாலம் போன் அடித்தது.
‘கடை சாத்திக் கெடக்கே, யாரும் தவறிட்டாங்களா?’
‘இல்லைங்க, சட்டை எடுக்கப் போறேன்.’
‘சட்டைக்கா கடையச் சாத்துனீங்க?’
எந்தப் பாலத்தில் என்று நினைவில்லை,
மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் கிடைக்காத ஒருவர்
என் பிறப்பைப் பற்றிப் பேசினார்.

ஐந்து மாடி ஜவுளிக்கடை.
சௌந்தரிக்குக் கும்பிடு போட்டுச் சந்தனம் நீட்டிய வாசல்காரர்
பின்னால் வந்த என் நெஞ்சைப் படித்தார்.
‘வேலைக்கு வந்தவங்க பின்பக்கம்.’
சட்டை எடுக்க வந்திருக்கிறேன் என்றேன்.
சட்டையைப் பார்த்தார்.
நம்பினார்.

நாற்பத்திரண்டு வயிற்றோடு நின்றது.
நாற்பத்துநாலு தோளை விட்டு இறங்கி ஓடியது.
பொருந்திய ஒன்றில் மீன், இன்னொன்றில் குதிரை.
‘பேரு, படம் எதுவும் இல்லாம வேணும் தம்பி.’
‘அது ஸ்டாக் இல்ல சார், அடுத்த வாரம் வாங்க.’
அந்தக் குரல் எனக்குத் தெரியும்.
பரணில் ஏறச் சோம்பும் மத்தியானங்களில்
என் வாயிலிருந்து வருவது.

சேலைப் பிரிவில் சௌந்தரி மூழ்கிப் போனாள்.
கணவர்களுக்கென்று போட்டிருந்த நாற்காலி வரிசையில்
பைகளோடு உட்கார்ந்தேன்.
தலைக்கு மேல் ஃபேன் ஆடியது, திருகு லூஸ்.
சொன்னால் யார் கேட்பார்கள்?
கழிப்பறையில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது.
வாஷர் மூன்று ரூபாய்.
அது இல்லாமல் கோடி ரூபாய்க் கட்டிடம்
நின்ற இடத்தில் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.
சாவிக்கொத்தில் எப்போதும் இரண்டு வாஷர் கோத்திருப்பேன்.
கைக்குட்டையைச் சுற்றித் திருகினேன்.
நின்றது.
திரும்பினால் மேனேஜர்.
‘இப்பத்தான் வர்றதா? காலையிலேர்ந்து போன் பண்றோம்.
நாலாம் மாடியிலயும் ஒண்ணு இருக்கு.’

நான் அவன் இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
கடைப் பெயர், ஜிஎஸ்டி நம்பர்
எல்லாம் நாக்கு நுனியில்தான் இருந்தன.
நாலாம் மாடிக்குப் போனேன்.
ஃப்ளஷ் டேங்கில் மிதவை சிக்கியிருந்தது.
இருநூறு ரூபாய் கொடுத்தார்.
வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்,
கை தானாகச் செய்தது.

இருட்டும்போது நீடாமங்கலம் கேட் சாத்தியிருந்தது.
அது எப்போது திறந்திருந்தது?
இன்ஜின் முன்னே போய், பின்னே வந்து,
எதையோ விட்டுவிட்டதைப் போல மறுபடி முன்னே போனது.
சௌந்தரி மடியில் மூன்று பைகள்.
‘உங்களுக்கு?’
‘அடுத்த வாரம் வரச் சொன்னாங்க.’
இருநூறைக் காட்டினேன். வந்த விதம் சொன்னேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
கொஞ்ச நேரம் கழித்து முதுகு குலுங்கியது.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வெள்ளரிப்பிஞ்சுத் தட்டை ஜன்னலுக்கு உயர்த்திய பையன்
மயிலைப் பார்த்துவிட்டான்.
‘அண்ணே, ப்ரைமர் இருபது லிட்டர் என்ன வருது?’
சொன்னேன்.
‘கொறச்சுப் போடக் கூடாதா?’
‘ஒரே விலைதான்.’
‘நாளைக்குக் கடை உண்டா?’
உண்டு என்றேன்.
ஒரு பிஞ்சு அதிகமாக வைத்து
உப்பு மிளகாய் தூவினான்.
கேட் இன்னும் திறக்கவில்லை.